பெடல் தரையைத் தொடுவதற்கு முன்பு வாருங்கள்

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் பட்டறைக்கு இந்த மாதம் வந்த மூன்றாவது கார் இது. மூன்றுக்கும் ஒரே ஜாதகம். 17 அங்குல அலாய் வீல், சிவப்புச் சாயம் பூசிய காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி), சக்கரத்தோடு சுழலும் துளை போட்ட டிஸ்க், உள்ளே கடுங்காப்பி நிறத்தில் பிரேக் ஆயில். செலவழித்த பணத்தை எல்லாம் வெளியே பார்க்க முடிகிறது. உயிரைக் காக்கும் பொருளை மட்டும் நான்கு வருடமாக யாரும் தொடவில்லை.

வண்டியின் சொந்தக்காரருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பழையதாக வாங்கியது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். நான்காவது சுற்றில் பெடல் பஞ்சு போல ஆனது. ஐந்தாவது சுற்றில் கால் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. பாதையை விட்டு மண்ணில் ஓடித்தான் நின்றிருக்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு மிதித்துப் பார்த்தபோது பிரேக் பழையபடி பிடித்தது. "சரியாகிவிட்டது அண்ணா" என்று நினைத்து அதே வண்டியில் சேலம் வழியாகத் தொப்பூர் மலை ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

சரியாகவில்லை, தம்பி. பிரேக் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ் வரும், மிதிக்கும்போது அந்தக் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. கொதித்த ஆயில் ஆறியது, அவ்வளவுதான். அடுத்த முறை சூடேறினால் மறுபடி கொதிக்கும். ஏறி வந்ததால் தப்பித்தார். அதே பிரேக்கோடு தொப்பூரில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

நான் தொழில் கற்றது தர்மபுரியில், லாரிகளுக்கு பிரேக் லைனிங் அடிக்கும் பட்டறையில். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, இரட்டைப் பாலத்துக்கு வரும்போது பிரேக் இல்லாமல் போன வண்டிகளின் டிரம்மைக் கழற்றியிருக்கிறேன். நீலம் பாரித்த இரும்பும் கருகிய லைனிங் வாடையும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. பாரம் ஏற்றிய லாரி கணவாயில் சந்திக்கும் அதே சூட்டைத்தான் உங்கள் கார் பந்தயப் பாதையில் சந்திக்கிறது. பழைய லாரி ஓட்டுநருக்கு இது தெரியும், கியரைக் குறைத்து இறங்குவார். காருக்கு லட்சங்கள் செலவழிப்பவருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

இனி, என்னை மிகவும் வருத்தும் பேச்சுக்கு வருகிறேன். "பெரிய டிஸ்க் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும்." வாரத்துக்கு நான்கு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

நிற்காது. வண்டியை நிறுத்துவது டயர். டிஸ்க் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது, சாலையைப் பிடித்து நிற்பது ரப்பர். சந்தேகம் இருந்தால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் நாய் குறுக்கே வந்து முழு பலத்தோடு மிதித்தபோது, காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்ததா? அது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பிரேக்கைத் தளர்த்தி விடுகிறது. அதாவது, கம்பெனி கொடுத்த சின்ன டிஸ்க்கே டயர் தாங்கக்கூடியதைவிட அதிகமாகப் பிடிக்கிறது. அதன் மேல் இன்னும் பெரிய டிஸ்க்கைப் போட்டால் அந்தக் கூடுதல் பலம் எங்கே போகும்? ஏபிஎஸ் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் அதிரும். வண்டி அதே இடத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் பந்தயக் கார்களுக்கு ஏன் பெரிய டிஸ்க் என்று கேட்பீர்கள். சூட்டைத் தாங்குவதற்கு. 1,300 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறையும்போது பிரேக்கில் இறங்கும் சூடு, மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. நான்கைந்து விநாடியில், ஒரே ஒரு வளைவுக்காக. அடுத்த வளைவில் மறுபடியும், அடுத்த சுற்றில் மறுபடியும். பெரிய டிஸ்க்கின் வேலை, பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலப் பிடிக்க வைப்பது. முதல் முறை மிதிக்கும்போது சீக்கிரம் நிறுத்துவது அதன் வேலை அல்ல. நாள் முழுவதும் பாதையில் ஓட்டும் அளவுக்கு நீங்கள் தேறிவிட்டால் அப்போது பேசுவோம். அதற்கு முன் முன்பக்கம் மட்டும் பெரிய காலிப்பர் மாட்டினால், முன்னும் பின்னும் கம்பெனி பிரித்துக் கொடுத்த பங்கு கெடும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குப் பெடலும் ஆழமாக இறங்கும்.

துளை போட்ட டிஸ்க் பாதைக்கு வேண்டவே வேண்டாம். சூட்டில் துளைக்குத் துளை விரிசல் ஓடும். சாதாரண காற்றோட்ட டிஸ்க் போதும். பெரிய காலிப்பர் போலத் தெரிய வேண்டும் என்று மேலே ஒட்டும் சிவப்பு மூடியை இன்றைக்கே பிய்த்து எறியுங்கள். சூடு வெளியேறும் இடத்தை அது மூடுகிறது.

முதல் செலவு பிரேக் ஆயிலுக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரத்துக்கு உள்ள உத்தரவாதம் 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு இந்த அளவுகள் 260, 180. டாட் 5 என்பது வேறு பொருள், சிலிக்கான். பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று அதை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். பாதைக்குப் போகும் முன் ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றி, குழாயில் நிற்கும் காற்றையும் வெளியேற்றுங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாதி டப்பாவைக் கொண்டுவந்து ஊற்றச் சொல்லாதீர்கள், ஊற்ற மாட்டேன்.

அடுத்தது டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட். பாதைக்கென்று செய்த பேட் சூடேறினால்தான் பிடிக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கிருந்து கிளம்பி, குளிர்ந்த பேடோடு தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரி திடீரென்று நின்றால் அந்தப் பேட் உங்களைக் கைவிட்டுவிடும். சாதாரண பேடிலேயே போங்கள், அங்கே போய் மாற்றுங்கள், திரும்பும் முன் மறுபடி மாற்றுங்கள். கை பழகியவருக்கு அரைமணி நேர வேலை. புதுப் பேடைப் பழக்குவதையும் அங்கேயே முதல் சுற்றுகளில் செய்யுங்கள். பைபாஸில் நூறிலிருந்து இருபதுக்கு மிதித்து மிதித்துப் பழக்குகிறேன் என்று பின்னால் வரும் பஸ்ஸின் உயிரோடு விளையாட வேண்டாம்.

வீல் விஷயத்தில்தான் இந்தத் தம்பியின் கார் என்னை உலுக்கிவிட்டது. அவர் வாங்கிய வீலின் நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், அது பொருந்தும் காரின் ஹப் 57.1. இடைவெளியை நிரப்பக் கடைக்காரர் பிளாஸ்டிக் வளையம் கொடுத்திருக்கிறார். வீலைக் கழற்றியபோது அந்த வளையம் உருகி, ஹப்பில் அப்பளம் போல ஒட்டியிருந்தது. வீலை நடுவில் பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை. ஐந்து போல்ட்டில் இரண்டைக் கையாலேயே திருக முடிந்தது.

வீலை மேசையில் கிடத்தி, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். வெள்ளைப் பொடியின் மேல் மெல்ல ஒரு கோடு கறுத்து எழுந்தது. ஆரக்காலின் அடியிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அந்தத் தம்பி கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

வீல் பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்பதும் பொய். எடை கூடும், முடுக்கம் குறையும், பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும். கம்பெனி அளவிலேயே, தரச் சான்று உள்ள, எடை குறைந்த வீலை வாங்குங்கள். உலோக வளையம் போடுங்கள். போல்ட்டின் முகம் குண்டா கூம்பா என்று பார்த்து, வீலுக்குப் பொருந்துவதை மட்டும் போடுங்கள். ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். போல்ட்டை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள், அளவு காரின் கையேட்டில் இருக்கிறது. பாதையில் ஒவ்வொரு முறை ஓட்டி வந்து வண்டி ஆறியதும் மறுபடி சோதியுங்கள்.

டயருக்குக் கஞ்சத்தனம் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏழு வருட டயரைக் காட்டாதீர்கள், ரப்பர் இறுகியிருக்கும். பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரோடு பாதைப் பக்கமே போகாதீர்கள். சில சுற்றுகளிலேயே காற்றழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறும், பாதையை விட்டு வந்ததும் அளந்து, கூடிய காற்றை இறக்கிச் சரிசெய்யுங்கள். மாலையில் வண்டி ஆறிய பிறகு, வீட்டுக்குக் கிளம்பும் முன், மறக்காமல் திரும்ப நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயரில் நீண்ட நெடுஞ்சாலை ஓட்டம் ஆபத்து.

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. வழக்கமான இன்ஷூரன்ஸ் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பணம் தராது, பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். இவற்றுக்குப் பயந்து பாதையை விட்டுவிட்டு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வேகம் பார்ப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். வேகம் வேண்டுமென்றால் கோவைக்கோ சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்கோ போங்கள், தலைக்கவசத்தோடு, எதிரே வண்டி வராத பாதையில் ஓட்டுங்கள்.

அந்தத் தம்பியின் காரில் இப்போது பழைய கம்பெனி வீல், புது டயர், புது ஆயில். அடுத்த மாதம் மறுபடி போகிறார். உங்களுக்கும் தேதி குறித்தாகிவிட்டது என்றால் இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கொண்டு வாருங்கள். முந்தைய இரவு ஒன்பது மணிக்கு வந்தால் ஆயிலை மாற்றித் தருவேன். வீலில் சாக்பீஸ் கோடு எழுந்தால் சாவியைத் தர மாட்டேன், பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.