முதல் அடியை விட்டுக்கொடுக்கும் இசை

'த-க-தி-மி' என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள். கை தானாகவே 'த'வில் ஓங்கி விழும். இப்போது அந்தத் 'த'வை மனதுக்குள் மட்டும் சொல்லுங்கள், தட்ட வேண்டாம். 'க', 'மி' இரண்டிலும் விரல் நுனியால் சுருக்கென்று ஒரு தட்டு. 'தி'யில் மட்டும் உள்ளங்கையால் கனமாக ஓர் அறை. நாலைந்து சுற்று போனதும் தலை மெல்ல அசையத் தொடங்கும். நீங்கள் தட்டிக்கொண்டிருப்பது ஜமைக்கா தீவின் இசையான ரெகே.

ஜமைக்காவில் இந்தத் தாளத்துக்கு 'ஒன் டிராப்' என்று பெயர். ஒன்றாம் அடியைக் கைவிட்ட தாளம் என்று வைத்துக்கொள்ளலாம். டிரம் தொகுப்பின் பெரிய பேஸ் டிரம்மும் சிறிய ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து 'தி'யில் விழுகின்றன. 'க'விலும் 'மி'யிலும் கிட்டார் ஒரு கோர்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, வெட்டிப் போட்டுவிட்டு உடனே வாயை மூடிக்கொள்கிறது. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் இந்த அடியைத் தன் முத்திரையாக்கியவர் கார்ல்டன் பாரெட். பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவர் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட். அண்ணனும் பல பாடல்களில் முதல் அடியை வாசிக்காமல் விட்டுவிட்டு, அது கடந்த பிறகுதான் நுழைவார்.

ரெகே போய்ச் சேர்ந்த ஊர்களின் பட்டியல் நீளமானது. பிரேசிலின் சால்வடார், ஹவாய்த் தீவுகள், நியூசிலாந்து மாவோரிகளின் பாடல்கள், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ் என்று எங்கே போனாலும் அந்த ஊர் இசையோடு கலந்து அங்கேயே பிறந்ததுபோல் ஆகிவிட்டது. மார்லியின் புகழும், ஒடுக்கப்பட்டவர்களின் குரலாக அவருடைய பாடல்கள் ஒலித்ததும் இதற்குக் காரணம் என்பார்கள். அதை நானும் ஏற்கிறேன். 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில் இன்றைய ஹராரே நகரத்து மைதானத்தில் அவர் பாடியதன் பொருளை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் புகழ் ஓர் இசையை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவுதான். அந்த ஊரின் தாளத்தோடு அது பொருந்துமா என்பதைத் தாளத்தின் கட்டமைப்புதான் முடிவு செய்யும். விடையின் பெரும்பகுதி அந்தக் காலியான 'த'வில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ரெகேயே ஒரு கலவைதான். 1950களில் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் வானொலிப் பெட்டிகளில் நியூ ஆர்லியன்ஸ், மயாமி பக்கத்து நிலையங்களின் 'ரிதம் அண்டு புளூஸ்' என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை கேட்கும். அந்த இசையில் ஒவ்வோர் அடியும் மூன்று துகள்களாகப் பிரியும். முதல் துகளும் மூன்றாம் துகளும் ஒலிக்க, நடுவில் உள்ளது ஊமையாக இருக்கும். ஜமைக்கா இசைக்கலைஞர்கள் கனத்தை முதல் துகளிலிருந்து எடுத்து, பின்னால் வரும் சிறிய துகளில் வைத்தார்கள். அது ஸ்கா ஆயிற்று. 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968இல் டூட்ஸ் அண்டு த மேட்டல்ஸ் குழுவின் ஒரு பாடலில் 'ரெகே' என்ற சொல்லே ஏறிவிட்டது. இதற்கு நடுவே ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தாஃபாரி சமயத்து மக்களின் நயபிங்கி முழவுகள் வந்து சேர்ந்தன. அளவில் வேறுபட்ட மூன்று முழவுகளில் நடு முழவு, இதயத் துடிப்புபோல இரண்டிரண்டாக அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்தப் பிறப்புக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியே கேட்பது நான்கு, உள்ளே ஒளிந்திருப்பது மூன்று. கார்ல்டன் பாரெட்டின் ஹை-ஹாட் சிம்பலை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். பல பாடல்களில் 'தகிட தகிட' என்று திசிரத்தில் நடந்துகொண்டிருக்கும். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தாளத்தின் எண்ணிக்கை மாறாமல் நடை மட்டும் அடிக்கு நான்கான சதுசிரத்திலிருந்து அடிக்கு மூன்றான திசிரத்துக்குப் போவதை நாம் அறிவோம். ரெகேயில் இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.

சரி, விடுபட்ட அடி நம்மை ஏன் ஆட்டுகிறது? சீரான தாளத்தைக் கேட்கும் மூளை அடுத்த அடி எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது. கணித்த இடத்தில் ஒலி வராவிட்டால், அந்த வெற்றிடத்தை உடம்பு நிரப்பப் பார்க்கிறது. காலோ கழுத்தோ அங்கே அசைகிறது. மரியா விட்டெக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், டிரம் தாளங்களைக் கேட்கவைத்து, ஆட வேண்டும் என்ற உந்துதல் எதில் அதிகம் என்று கேட்டார்கள். எதிர்பார்த்த இடத்திலேயே எல்லா அடியும் விழும் தாளங்களுக்கும், எதிர்பார்ப்பை முழுக்கக் குலைக்கும் தாளங்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. நடுத்தரமாகக் குலைத்தவையே முன்னால் நின்றன. அந்த ஆய்வு ரெகேயைப் பற்றியது அன்று. ஆனாலும் ஒன் டிராப்பைக் கேட்கும்போது அந்த முடிவு எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஓர் அடியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் கடிகாரம்போல வைத்திருக்கும் தாளம் அது.

காலி இடம் நேரத்தில் மட்டும் இல்லை, அதிர்வெண்ணிலும் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் சுமார் 8 மீட்டர். தெருவில் அடுக்கிய பெரிய ஒலிபெருக்கிகளில் இதை நெஞ்சுக்கூட்டில்தான் முதலில் உணர்வோம். கிட்டாரின் வெட்டு மிக மேலே, மெலிந்த ஒலியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூடம் திறந்து கிடக்கிறது. கிங் டப்பி என்று அழைக்கப்பட்ட கிங்ஸ்டன் மின்னணுப் பழுதுநீக்குநர், பதிவான பாடலிலிருந்து குரலையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியதில் எதிரொலியை ஏற்றி 'டப்' என்ற கலையை உருவாக்கியது இந்தக் கூடத்தை நம்பித்தான். இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாட்டில்லாத வடிவத்தை அச்சிடும் வழக்கமும் ஜமைக்காவில் வேரூன்றியது. ஒரே பின்னணியின் மேல் இன்னொருவர் வந்து பேசலாம், பாடலாம்.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் மொரிஷியஸ் தீவினர். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் அச்சாகும் நாடு அது. அங்கே ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய இசை சேகா. போர்ட் லூயிஸ் நகரின் ஓரத்தில் உள்ள ஏழைக் குடியிருப்பான ரோஷ் புவாவில் வளர்ந்த ஒரு பாடகர், மார்லியின் ஓர் ஆல்பத்தின் பெயரையே தன் பெயராக்கி 'காயா' என்று அழைத்துக்கொண்டார். 1980களில் அவரும் அவருடைய குழுவினரும் சேகாவையும் ரெகேயையும் சேர்த்து வளர்த்த இசை 'செகே'. பெயர்கூட இரண்டையும் குழைத்ததுதான்.

சேகாவின் முக்கியக் கருவி ரவான். வட்டமான மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அகலமான பறை. வாசிப்பதற்கு முன் அதைத் தீயருகே பிடித்துக் காய்ச்சுகிறார்கள். நம் ஊரில் பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சருகு எரியும் வெப்பத்தில் தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதும், நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பதும், 'தொப்' என்றிருந்த ஒலி 'திங்' என்று இறுகுவதும் அங்கும் அப்படியே. கடற்காற்றின் ஈரத்தைத் தோலின் நார்கள் குடித்துத் தளர்ந்திருக்கும். வெப்பம் அந்த ஈரத்தை வெளியேற்றினால் நார்கள் சுருங்கும், இழுவிசை கூடும், சுருதி ஏறும். சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். அதனால்தான் காய்ச்சுவதற்கு அத்தனை பொறுமை வேண்டியிருக்கிறது. ரவானோடு, கரும்புப்பூத் தண்டுகளால் தட்டையாகச் செய்து உள்ளே விதைகள் போட்ட மரவான் என்ற குலுக்குக் கருவியும், ஓர் இரும்பு முக்கோணமும் சேர்ந்தால் சேகாவின் மேளம் முழுமையாகிவிடும்.

சேகாவின் ஒரு சுற்றில் ஆறு துகள்கள், 'தகிட தகிட' என்று. ரெகேயின் ஒரு சுற்றில் நான்கு அடிகள். வெளிப்பார்வைக்கு ஒட்டாது. ஆனால் ரெகேயின் உள்ளே ஒளிந்திருந்த திசிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு அடிகளையும் மும்மூன்றாகப் பிரித்தால் பன்னிரண்டு துகள்கள். சேகாவின் இரண்டு சுற்றுகளிலும் பன்னிரண்டு. இரண்டுக்கும் ஒரே கட்டம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு என்பது இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுபடும் எண் என்பதால், கேட்கும் காது ஒரு கணம் மூன்றாகவும் மறுகணம் இரண்டாகவும் அதை அடுக்கிக்கொள்ளலாம். மரவான் அந்தத் துகள்களை விடாமல் குலுக்கிக்கொண்டே இருக்கிறது. ரெகேயின் டிரம் முதல் அடியில் ஒதுங்கி நிற்பதால் ரவானின் கனத்த ஒலி யாரோடும் மோதாமல் நடக்கிறது.

ஒரே துடிப்பை இரண்டாகவும் மூன்றாகவும் மாற்றிக் கேட்பது வெறும் கற்பனை என்று தோன்றலாம். பெல்ஜியத்தில் சில்வி நொசரதான் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனையில் மூளை அலைகளையே அளந்தார்கள். நொடிக்கு 2.4 முறை வரும் சீரான துடிப்பு எல்லோருக்கும் ஒலித்தது. அதை இரண்டிரண்டாக மனதில் கூட்டிக் கேட்கச் சொன்னபோது மூளையில் 1.2 ஹெர்ட்ஸ் அலை எழுந்தது. மும்மூன்றாகக் கேட்கச் சொன்னபோது 0.8 ஹெர்ட்ஸ் அலை. காதுக்கு வந்த ஒலி ஒன்றுதான், தாளத்தை மூளை கட்டிக்கொண்டது. செகே இந்தத் திறனை இடைவிடாமல் சீண்டிக்கொண்டே இருக்கிறது.

காயா 1999 பிப்ரவரியில், ஒரு கச்சேரியில் கஞ்சா புகைத்ததற்காகக் கைதாகி, காவலில் இருந்தபோதே இறந்துபோனார். தீவு பல நாட்கள் கலவரத்தில் கொந்தளித்தது. அவர் தொடங்கிய இசையை இன்றும் அங்கே வாசிக்கிறார்கள்.

தாளம் ஒத்துப்போனாலும் சுருதி ஒத்துப்போக வேண்டுமே? கிட்டாரின் கழுத்தில் பதித்த உலோக மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக்கி இறுக்கிப் பூட்டியவை. வட ஆப்பிரிக்காவின் குரலுக்கும் பல நாட்டு நாட்டார் கருவிகளுக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. பள்ளி இயற்பியலில் படித்த விம்மல்கள் இங்கே உதவும்: நெருங்கிய இரு சுருதிகள் சேரும்போது ஒலி ஏறி இறங்குவதுதான் விம்மல். குரல் 440 ஹெர்ட்ஸில் நிற்க, கிட்டார் 446இல் ஒலித்தால் நொடிக்கு 6 விம்மல்கள் எழுந்து காதை உறுத்தும். ஒரு விம்மல் முடிய ஏறத்தாழ 0.17 நொடி வேண்டும். ரெகே கிட்டாரின் வெட்டோ 0.1 நொடி அளவில் கை அழுத்தி அணைக்கப்பட்டுவிடும். விம்மல் முழுதாக எழுவதற்குள் ஒலியே போய்விடுகிறது. அதோடு, ஒலி எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு அதன் சுருதியும் மங்கலாகத்தான் கேட்கும். நீட்டி ஒலிக்கும் ஆர்கன் கோர்டின் மேல் இத்தனை சலுகை கிடைக்காது. ரெகேயில் இரண்டே கோர்டுகளில் ஒரு பாடல் முழுவதும் ஓடுவது சாதாரணம் என்பதால், மேலே வரும் மெட்டு தன் ராகத்தை விட்டு அடிக்கடி இறங்கி வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

1992இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் அமாசிக் கதேப் தொடங்கிய நாவா டிஃப்யூஷன் குழுவைக் கேட்டால் இது விளங்கும். அல்ஜீரிய எழுத்தாளர் கதேப் யாசினின் மகன் அவர். நாவா என்பது வட ஆப்பிரிக்காவில் வாழும் கறுப்பின மக்களுக்கும் அவர்களுடைய இசைக்கும் பெயர். அவர் கையில் இருக்கும் கெம்ப்ரி, தோல் போர்த்திய மூன்று கம்பிக் கருவி. தாழ்ந்த ஒலி என்பதால் பேஸ் கிட்டாரின் நாற்காலியில் அது இயல்பாகவே உட்கார்ந்துகொள்கிறது. நாவா மக்களின் இரும்புச் சிப்ளாக்கட்டைகளான கர்க்கபாக்களும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சாய்ந்துதான் நடக்கின்றன.

சால்வடார் நகரின் ஒலோடும் குழு இன்னும் துணிச்சலானது. 1979இல் தொடங்கிய அந்தக் குழுவில் நெகின்யோ டு சம்பா என்ற தாள ஆசான் சம்பாவையும் ரெகேயையும் முழவுகளாலேயே இணைத்துவிட்டார். கிட்டாரும் பேஸும் செய்யும் வேலையைப் சுர்டோ என்ற பெரிய முழவுகளும் சிறிய முழவுகளும் பங்கிட்டுக்கொண்டன. கம்பி ஒன்றுகூட இல்லாமல் ரெகேயின் உருவம் நிற்கும் என்பதை அவர்கள் தெருவிலேயே காட்டினார்கள். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தேடிப்போய் அவர்களைத் தன் 1990 ஆல்பத்தில் வாசிக்கவைத்தார்.

பர்மிங்காமில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த அப்பாச்சி இந்தியன் என்ற பாடகர், பஞ்சாபி ஆட்ட இசையான பாங்ராவையும் ரெகேயின் பிற்கால வடிவங்களையும் கலந்தார். பாங்ராவின் டோல் முழவு அடியும் சாய்ந்து நடப்பதுதான். 1996இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ஒரு தமிழ்ப் படத்திலும் அவர் குரல் ஒலித்தது.

எல்லாக் கலவையும் வெல்வதில்லை. கணினியில் தயாராக இருக்கும் ரெகே தாளத்தைப் போட்டு, மேலே ஒரு புல்லாங்குழலையோ சிதாரையோ ஒட்டவைத்த பதிவுகள் ஏராளம். அவற்றைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கணினி மூன்று துகள்களையும் துல்லியமாகச் சமமாக வெட்டுகிறது. சேகாவிலும் நாவா இசையிலும் அவை சமமாக இருப்பதில்லை. ஒன்று சற்று நீளும், ஒன்று சற்று முந்தும், அதுவும் நொடியில் நூற்றில் சில பங்கு அளவுக்கு. வாசிப்பவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சாய்வுக்கு மற்றவர் சாய்ந்து கொடுத்தால்தான் அந்த அளவு அமையும்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் மறுபடி மேசைக்கு வாருங்கள். நீங்கள் பழையபடி 'த'வை விட்டுவிட்டு ஒன் டிராப் தட்டுங்கள். உங்களுடைய ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் ஒரு 'தகிட' தட்டட்டும், முதல் தட்டு மட்டும் சற்றுக் கனமாக. நாலைந்து சுற்று இருவரும் தடுமாறுவீர்கள். பிறகு ஒரு சுற்றில், உங்கள் கை மேசைக்கு மேலே காத்து நிற்கும் அந்தக் கணத்தில், அவருடைய கை மட்டும் தனியாக ஒலிக்கும்.