கலர் கோடு: தமிழில் நிறக்கட்டளை

தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் ‘கலர் கோடு’ என்று சொன்னால், திரையில் எழுத்தின் நிறத்தை மாற்றும் குறிமுறை (code) என்று எவருக்கும் விளங்கும். அதையே தமிழில் எழுதிவிட்டால் ‘நிறமுள்ள கோடு’ என்று பொருள் திரிந்துவிடும். மென்பொருளை உருவாக்கும்போது நடப்பவை வரிவரியாகப் பதிவாகும் கோப்பைப் ‘பில்டு லாக்’ என்பார்கள். நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், ‘பில்டு லாகில் கலர் கோடு வருகிறது, நீக்கவும்’ என்ற குறிப்பைப் படித்த புதிய ஊழியர் ஒருவர், சிவப்புக் கோடு எங்கே என்று கோப்பு முழுவதும் தேடிக்கொண்டிருந்தார். அவர் கண் முன்னே வரிக்கு வரி நின்றவை, சதுர அடைப்பின் இடப்பாதியும் 31 என்ற எண்ணும் எம் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் சேர்ந்த துணுக்குகள்.

அந்தத் துணுக்குகளே கலர் கோடு. அவற்றைப் பில்டு லாகில் வைத்திருக்கலாமா, கூடாதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்து விடையை எழுத்துகளாகப் பெறும் திரையான டெர்மினலுக்கு எழுத்துகள் மட்டுமே போய்ச் சேரும் என்பதால், ‘இனி சிவப்பில் காட்டு’ என்ற ஆணையையும் எழுத்துகளின் இடையிலேயே அனுப்ப வேண்டியிருக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 27ஆம் இடத்தில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் குறி முதலில் செல்லும். அதைத் தொடரும் எண்களில் 31 சிவப்பு, 32 பச்சை, 0 பழைய நிலைக்குத் திரும்பு என்று பொருள்படும்.

‘எஸ்கேப்’ என்ற சொல்லின் வேர், மேலங்கியைக் குறிக்கும் இலத்தீன் ‘காப்பா’. அங்கியைக் கழற்றிவிட்டு நழுவுவது என்பது அதன் முதற்பொருள். கணினித் துறைக்கு இக்குறியைத் தந்தவராக அமெரிக்கக் கணினி அறிஞர் பாப் பெமர் போற்றப்படுகிறார். இக்கட்டளைகளின் வடிவத்தை வகுத்த ஈசிஎம்ஏ-48 தரநிலை 1976இல் வெளிவந்தது. அவற்றைப் பரவலாக்கிய விடி100 டெர்மினல் 1978இல் வந்தது. அந்த டெர்மினலில் நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, மினுக்கல் முதலியவற்றுக்கே அது இக்கட்டளைகளை ஏற்றது.

சென்னைப் பேச்சில் ‘எஸ்கேப் ஆயிட்டான்’ என்றால் தப்பித்துவிட்டான் என்று பொருள். அதைக் கொண்டு ‘தப்புக்குறி’ என்று எழுதினால், தவறு என்ற பொருளே முந்திக்கொள்ளும். ‘விடுபடுகுறி’ என்றால், விடுபட்ட எழுத்தைக் காட்டும் குறியோ என்று ஐயம் எழும். அடுத்து வருவதை வழக்கமான எழுத்தாகக் கொள்ளாமல் விலகிப் படிக்கச் சொல்வதே இதன் வேலையாதலால், ‘விலகுகுறி’ என்பதே பொருந்தும். அக்குறியில் தொடங்கும் முழுத் தொடருக்கு ‘நிறக்கட்டளை’ என்பதை நான் பரிந்துரைக்கிறேன். வண்ணம் என்ற சொல் சந்தத்தையும் குறிக்கும் என்பதால் நிறத்தை எடுத்துக்கொண்டேன்.

கட்டளை என்று பெயரிட்டால், அதை நிறைவேற்றுபவர் யார் என்ற கேள்வி தானே எழுகிறது. பில்டு லாகில் இதை வைத்திருக்கலாமா என்ற விவாதத்துக்கும் அங்கேதான் தீர்வு இருக்கிறது. டெர்மினல் நிறைவேற்றும், சாதாரணக் கோப்பு நிறைவேற்றாது, வெறுமனே சுமக்கும். நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி தொகுப்பி நிறத்துடன் எழுதும்போது, பிழையைக் குறிக்கும் ‘எரர்:’ என்ற சொல்லுக்கும் அதை அடுத்த செய்திக்கும் நடுவே ஒரு நிறக்கட்டளை புகுந்துவிடுகிறது. சொல்லை மட்டும் தேடினால் கிடைக்கும். செய்தியையும் சேர்த்து, கோப்புக்குள் சொற்களைத் தேடித்தரும் கருவியான கிரெப்பில் தேடினால், வரி கண்ணெதிரே இருந்தும் கிடைக்காது. அதே தொகுப்பியில் நிறத்தை ‘ஆட்டோ’ என அமைத்தால், வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது மட்டும் நிறம் சேரும், கோப்புக்குப் போகும்போது சேராது. எல்லாக் கருவிகளும் இவ்வாறே நடந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிறக்கட்டளையைப் புரிந்து வண்ணமாகவே காட்டும் இணையப் பக்கத்தில் அது இருக்கட்டும். பல மாதங்கள் கழித்துத் திறந்து தேடுவதற்காகச் சேமிக்கும் கோப்பில் வேண்டாம்.

ஆனால் நீக்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். சில சோதனைக் கருவிகள் ‘தேறியது’, ‘தோற்றது’ என்று எழுதாமல், சோதனையின் பெயரைப் பச்சையிலோ சிவப்பிலோ காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அத்தகைய லாகிலிருந்து நிறக்கட்டளையை எடுத்துவிட்டால் எது தோற்றது என்ற செய்தியும் உடன் போய்விடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத சக ஊழியருக்கோ, நிறம் இருந்தபோதும் அச்செய்தி எட்டியதில்லை. அங்கே முதலில் சேர்க்க வேண்டியது ‘தோற்றது’ என்ற அந்த ஒற்றைச் சொல்.