பீட்டா கார்பன் சொல்லும் துப்பு

யுபிகுவிட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். எந்த இடத்தில் எது இருக்கிறது என்பது மரபணுவைப் படித்தாலே தெரிந்துவிடும். ஆனால் என்.எம்.ஆர். (காந்தப் புலத்தில் அணுக்கருக்களின் சமிக்ஞையைப் பதிவுசெய்யும்) கருவியில் வைத்தால் கிடைப்பவை, அமினோ அமிலங்களிலிருந்து வரும் பெயரில்லாத புள்ளிகள். எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியாமல் வடிவத்தைப் பற்றிப் பேச முடியாது.

குர்ட் வூத்ரிச் (2002 வேதியியல் நோபல்) இந்தப் புதிரை முதலில் ஹைட்ரஜன் சமிக்ஞைகளை மட்டும் வைத்தே அவிழ்த்தார். இன்று கார்பன்தான் கைகொடுக்கிறது. இந்தக் கருவிக்குத் தெரிவது கார்பன்-13 என்ற சற்றே கனமான வகை மட்டுமே; இயற்கைக் கார்பனில் அது சுமார் 1.1 சதவீதமே என்பதால், கார்பன்-13 குளுக்கோஸைப் பாக்டீரியாவுக்கு ஊட்டிப் புரதத்தைத் தயாரிக்கிறார்கள். செலவு பிடிக்கும் சாப்பாடுதான்!

அமினோ அமிலத்தின் மையத்தில் இருப்பது ஆல்ஃபா கார்பன்; பக்கச் சங்கிலியின் முதல் கார்பன் பீட்டா. சுற்றியுள்ள எலக்ட்ரான் போர்வை மெலிய மெலிய, அந்தக் கார்பனின் பிபிஎம் எண் (புள்ளி அளவுகோலில் எங்கே விழுகிறது என்று காட்டும் எண்) ஏறும். அலனின் என்ற அமினோ அமிலத்தின் பீட்டா வெறும் மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்). 19 அருகே நிற்கும். செரினிலும் திரியோனினிலும் பீட்டாவை ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்வதால் எண் 64, 70 என்று எகிறி, ஆல்ஃபாவையே தாண்டிவிடும். கிளைசினுக்குப் பீட்டாவே கிடையாது; ஆல்ஃபா 45 அருகே. இந்த நான்கையும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

சிக்கல் மற்றவற்றில். லைசின், ஆர்ஜினின், குளூட்டமின், குளூட்டமேட் எல்லாம் ஏறத்தாழ ஒரே எண்களில் மொய்க்கும். அங்கே பக்கத்து வீட்டுக்காரரைத்தான் விசாரிக்க வேண்டும். எச்.என்.சி.ஏ.சி.பி. என்ற சோதனையில் ஓர் அமினோ அமிலத்தின் ஆல்ஃபா, பீட்டாவோடு அதற்கு முந்தையதன் ஆல்ஃபா, பீட்டாவும் தெரியும்.

யுபிகுவிட்டினில் அலனின் இரண்டே இடத்தில்: 28, 46. இதில் 46-க்கு அடுத்தது மட்டுமே கிளைசின். ஆகவே தனக்குப் பீட்டா இல்லாமல், முந்தையவரின் பீட்டா 20-க்குக் கீழே இருக்கும் புள்ளி எதுவோ, அது 47. அந்தக் கிளைசினின் எண்ணையே ‘முந்தையது’ என்று காட்டுகிற புள்ளி 48-ஆவது லைசின். தனியாகப் பார்த்தால் அடையாளம் தெரியாதது அது. அழிக்க வேண்டிய புரதங்களுக்குச் செல் யுபிகுவிட்டின் சங்கிலியைப் பூட்டும்போது, பெரும்பாலும் இந்த லைசினில்தான் அடுத்த யுபிகுவிட்டின் இணைகிறது. வேறொரு புரதம் அந்தப் பக்கம் வந்து ஒட்டினால், சுற்றுப்புறப் புள்ளிகள் நகர்வதை இனி பெயர் சொல்லியே கவனிக்கலாம்.