மீட்டர், நீரளவி, தண்ணி வரி

கீழ்வீட்டு ஆயா ஒருநாள் ரசீதோடு மாடிப்படி ஏறி வந்தார். "நாங்க ரெண்டே பேரு. எதிர்வீட்ல எட்டு பேரு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணி வரியா நைனா?"

ரசீதை வாங்கிப் பார்த்தேன். அதில் 'வரி' என்ற சொல்லே இல்லை. 'குடிநீர்க் கட்டணம்' என்று அச்சிட்டிருந்தது. ஆனால் வேலூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சத்துவாச்சாரியானாலும் காட்பாடியானாலும் "தண்ணி வரி கட்டியாச்சா" என்பதுதான் பேச்சு.

இரண்டு சொல்லும் ஒன்றல்ல. எனக்கு இவ்வளவு கிடைத்தது, அதற்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் ஊர்ப்பொதுவுக்காகக் கொடுப்பது வரி. சொத்து வரி அப்படித்தான். கட்டணம் என்பது பெற்றுக்கொண்ட ஒன்றுக்குக் கொடுப்பது. 'பணம் கட்டு' என்கிறோமே, அந்தக் 'கட்டு' என்ற வினையிலிருந்து வந்த சொல். இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று எல்லா வீட்டிலும் ஒரே தொகை வாங்கும்போது பெயர்தான் கட்டணம், குணம் வரி. ஆகவே ஆயா சொன்னதில் தப்பில்லை. எவ்வளவு பிடித்தோம் என்று அளந்து, அதற்குத் தகுந்தபடி வாங்கினால்தான் அது முழுக்கக் கட்டணம் ஆகும். அளக்க வேண்டுமென்றால் மீட்டர் வேண்டும்.

இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேட்டில், வண்ணாரப்பாறை, குசக்காணம் என்று அடுக்கிவரும் வரிகளின் நடுவே 'நீர்க்கூலி' வருகிறது. அது பாசன நீரைச் சார்ந்த வரி, வீட்டுக் குழாயைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் இந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம். கூலி என்றால் உழைப்புக்குக் கொடுப்பது. பாலாறு மணலாகவே கிடக்கும் ஊர் நம்முடையது. ஆற்றுமணலில் கிணறு இறக்கி எடுத்தது போதாமல், மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். தண்ணீர் வானம் கொடுத்தது. அதைத் தூக்கி வந்து சுத்தம் செய்து தெருக்குழாயில் விடுவதற்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம். 'கூலி' அதைச் சரியாகவே சொல்கிறது.

சரி, மீட்டருக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் ஒரு மனிதரைக் குறித்தது. 'மீட்' என்றால் அளந்து கொடு; நிலக்கரி போன்ற சரக்கை அளந்து சரிபார்க்கும் ஆள் 'மீட்டர்'. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரிவாயு விளக்கு வந்தபோது, வாயுவை அளக்கும் பெட்டிக்கு அதே பெயர் போனது. துணி அளக்கும் மீட்டர் வேறு: அளவு எனப் பொருள்படும் கிரேக்க 'மெட்ரான்' பிரெஞ்சு வழியாக 1790களில் நீள அளவின் பெயரானது. கிரேக்கச் சொல்லின் சாயல் கருவியின் பெயரிலும் கலந்துவிட்டது. தமிழில் இரண்டும் ஒரே ஒலியோடு வந்து சேர்ந்தன. அதனால்தான் 'கன மீட்டரை மீட்டர் காட்டுகிறது' என்று எழுத வேண்டியிருக்கிறது.

தமிழாக்கமாகப் பலர் 'நீர்மானி' என்று எழுதுகிறார்கள். வெப்பமானி, மழைமானி பழகிவிட்டதால் காதுக்கு உறுத்தாது. ஆனால் 'மானி' வடமொழி 'மான'த்திலிருந்து, அதாவது 'அளத்தல்' என்ற பொருளிலிருந்து வருவது. வேரைத் தோண்டினால் அதுவும் கிரேக்க 'மெட்ரா'னும் தூரத்து உறவு. மீட்டரை விட்டு மானிக்குப் போவது அத்தை வீட்டிலிருந்து சித்தி வீட்டுக்குப் போவது போல.

நம் வீட்டுச் சொல் அளவு. விசிறு விசிறி ஆனது போல, தாங்கு தாங்கி ஆனது போல, அளவு அளவி ஆகும். நீரளவி. நான்கே எழுத்து, சொன்னதும் புரிகிறது. என் தேர்வு இதுதான். 'மீட்டர் ரீடிங்' என்பதற்குப் புதுச்சொல்லே தேட வேண்டாம். கரண்டுக்கு ஆள் வந்தால் "கணக்கு எடுக்க வந்திருக்காங்க" என்கிறோமே, அந்தக் 'கணக்கெடுப்பு' தண்ணீருக்கும் போதும்.

நீரளவியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஆயிரம் ஆயிரம் லிட்டராக ஏறும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 67 குடம் பிடித்தால் கறுப்பில் ஒன்று நகரும். சிவப்பு எண்ணும் சிவப்பு முள்ளும் அதற்குக் கீழான கணக்கு. போன தடவை 412, இந்தத் தடவை 431 என்றால் செலவு 19,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வைத்திருக்கும் அளவு. நான்கு பேருக்கு 30 நாளில் 16,200 லிட்டர். நடுவில் சின்ன நட்சத்திரச் சக்கரம் ஒன்று இருக்கும். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அது சுற்றினால் எங்கோ கசிகிறது. விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் தெருக்களில் இன்னொரு சங்கடம் உண்டு: தண்ணீருக்கு முன்னால் குழாயில் அடைந்த காற்று புஸ்ஸென்று வந்து சக்கரத்தைச் சுற்றிவிடும். அந்தக் காற்றும் கணக்கில் ஏறுகிறது. இது நியாயமில்லை, காற்றை வெளியேற்றும் வால்வை வழியிலேயே வைக்கத்தான் வேண்டும்.

இத்தனை லிட்டர் வரை இந்த விலை, தாண்டினால் கூடுதல் என்பதை 'டாரிஃப்' என்பார்கள். அரபு மொழியில் 'அறிவித்தல்' என்ற பொருளுள்ள 'தஅரீஃப்' இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்குப் போய் விலைப்பட்டியல் ஆனது. அதே சொல் உருதுவில் 'தாரீஃப்', புகழ்ச்சி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீடுகளில் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லும் தாரீஃபும் இந்த டாரிஃபும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தமிழில் 'கட்டண வீதம்' போதும்.

அப்புறம் ஆயாவுக்காக ஒரு மனு எழுதினேன்: "எங்கள் இணைப்பில் நீரளவி பொருத்தி, கணக்கெடுத்துக் கட்டணம் வாங்கும்படி வேண்டுகிறேன்." படித்துக் காட்டினேன். 'நீரளவி' வந்ததும் நிறுத்தச் சொன்னார். "தண்ணி அளக்குறதுதானே?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டார்.