குழந்தையின் உயிரைக் காக்க அப்பா அம்மாவுக்கும் பாடம் வேண்டும்

குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிற எங்களிடம் ஒரு குழந்தை வந்து சேரும்போது, பெரும்பாலும் அந்த நோய்க்கு இரண்டு மூன்று நாள் வயதாகியிருக்கும். அத்தனை நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அம்மா, அப்பா, பாட்டி. எந்த டாக்டருக்கும் முன்னால் நோயை நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது பயப்பட வேண்டும், எப்போது பயப்பட வேண்டாம் என்று அவர்களை உட்காரவைத்து யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் நிறைய குழந்தைகளை இழக்கிறோம்.

ஐநா அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 49 லட்சம். 1990-இல் இது 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்னும் இறக்கிற குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிறந்து 28 நாளுக்குள் இறக்கிறார்கள். அதைத் தாண்டியவர்களை நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா போன்றவை கொண்டுபோகின்றன. இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. மருந்து இருக்கும் இடத்துக்குக் குழந்தை நேரத்தோடு வந்து சேர்வதில்தான் சிக்கல்.

தாயின் படிப்புக்கும் குழந்தையின் உயிருக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1970 முதல் 2009 வரை 175 நாடுகளின் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அந்தக் காலத்தில் குறைந்த குழந்தை மரணங்களில் ஏறக்குறைய பாதியைப் பெண்களின் கல்வி உயர்ந்ததோடு அது தொடர்புபடுத்தியது. 2021-இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வில், தாய் கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐந்து வயதுக்குள் இறக்கும் ஆபத்து சுமார் 3 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. தந்தையின் படிப்புக்கும் பலன் உண்டு, சுமார் 1.6 சதவீதம். அப்பாக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த எண்ணை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, இதெல்லாம் பள்ளிப் படிப்பு. இன்றைக்குக் கையில் குழந்தையோடு நிற்கிற, பள்ளியைப் பாதியில் விட்ட அல்லது பள்ளிக்கே போகாத ஒரு தாய்க்கு என்ன வழி? அவரைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப முடியாது, ஆனால் அவரிடம் பாடத்தைக் கொண்டுபோக முடியும், அது பலிக்கவும் செய்கிறது.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் குழுக்களை அமைத்தார்கள். நடத்தியவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண். பிரசவத்தில் என்ன தப்பாகப் போகிறது, அதற்கு நாமே என்ன செய்யலாம் என்று பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். 2004-இல் முடிவு வெளியானபோது, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை மரணம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. யாரும் மேடையில் நின்று பிரசங்கம் செய்யவில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

வங்கதேசத்தில் 1980-களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் தயாரிக்கச் சொல்லித் தந்தார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், சுமார் அரை லிட்டர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து வேறு ஆள் போய்ச் சில வீடுகளில் சோதிப்பார், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்று கணக்குக் காட்டுவதை விட இது எவ்வளவு நேர்மையான அளவுகோல்!

மருந்தே இல்லாமல் பாடம் மட்டும் உயிர் காத்ததற்கும் உதாரணம் உண்டு. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்காதீர்கள், மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் இயக்கம் பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் தொடங்கியது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நிகழும் குழந்தை மரணங்கள் அதன்பின் பாதிக்கும் மேல் குறைந்தன.

எங்கள் வேலையில் நான் தினமும் பார்க்கிற குறை ஒன்று உண்டு. வேகவேகமாகச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். எந்த அம்மாவும் அந்த இடத்தில் "புரியலை" என்று சொல்ல மாட்டார், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதிலாக "வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியில், ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பாதியைக் கொட்டுவார் ஒருவர். அந்த அளவு உப்பு குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட் முழுவதையும் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும், ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அவர் கையைப் பார்த்த பிறகுதானே நமக்குச் சொல்லத் தோன்றும்? காய்ச்சல் மருந்தும் இப்படித்தான். சொட்டு மருந்தில் அதே மருந்து பெரும்பாலும் சிரப்பை விடச் செறிவாக இருக்கும். சிரப்புக்கான அளவில் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூச்சை எண்ணுவது இன்னும் முக்கியம், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கற்றுக்கொள்ளலாம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே கிளம்ப வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்கவே வேண்டாம். பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் எழாதது, வலிப்பு, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, இவையும் அப்படித்தான். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ உடம்பு சில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், யாருக்குச் சொல்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஆனால் ராத்திரியில் வண்டி பிடிக்கிற முடிவும் பணமும் வேறொருவர் கையில் இருக்கும். "இதெல்லாம் தானா சரியாயிடும்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் பேச்சை அந்தச் சின்னப் பெண்ணால் எப்படித் தட்ட முடியும்? அதனால் வகுப்பு என்று வைத்தால் அப்பாவையும் பாட்டியையும் கூப்பிட வேண்டும். பாட்டிகளை எதிரியாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் பலர், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீம்பாலைப் பிழிந்து கொட்டாமல் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதும், ஆறு மாதம்வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதும் பாட்டி சம்மதித்தால்தான் பல வீடுகளில் நடக்கும்.

தயவுசெய்து திட்டாதீர்கள். "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்கப்பட்ட அம்மா அடுத்த தடவை இன்னும் தாமதமாகத்தான் வருவார், வீட்டில் கொடுத்த கை வைத்தியத்தையும் மறைப்பார். பெற்றோருக்குத் தெரியாததால் மட்டுமே குழந்தைகள் இறப்பதில்லை. சுத்தமான தண்ணீர் இல்லாத, பக்கத்தில் மருத்துவமனையே இல்லாத இடத்தில் வகுப்பு எடுத்துவிட்டுப் பழியைப் பெற்றோர் தலையில் போடுவது அநியாயம். பாடமும் வேண்டும், வந்தால் வைத்தியம் பார்க்க ஆளும் வேண்டும்.

என்னோடு இதே வேலை செய்கிறவர்களிடம் நான் கேட்பது, கர்ப்ப காலப் பரிசோதனை, தடுப்பூசி நாள், டிஸ்சார்ஜ் என்று பெற்றோர் எப்படியும் நம் முன்னால் வந்து உட்காருகிற நேரங்களை வீணாக்காதீர்கள் என்பதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கரைசலைக் கலக்கச் சொல்லுங்கள், மருந்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிடம் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். கூட வந்திருக்கிற அப்பா வாசலில் நின்றால் அவரையும் உள்ளே கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள்.