மைலுக்கு 116 அடி

1864இல் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக அமெரிக்காவின் யூட்டா பகுதியில் வீபர், எக்கோ பள்ளத்தாக்குகளை அளந்த சாமுவேல் ரீட், அங்கிருந்து மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அவரைப் போலவே பொறியாளர்கள் பலரும் மேற்கே கூடாரம் போட்டு, ஊருக்குக் கடிதம் எழுதியபடி வேலை பார்த்தார்கள். பகலெல்லாம் அவர்களை ஆட்டிவைத்தது ஓர் எண்: 116.

1862ஆம் ஆண்டு பசிபிக் ரயில்வே சட்டத்தின்படி, பாதை மைலுக்கு 116 அடிக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது நூறு அடிக்கு 2.2 அடி. நடப்பவருக்கு இதெல்லாம் ஒரு மேடா? ரயிலுக்கு மேடுதான். சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட ஒருசில கிலோ இழுவிசையே போதும். இந்த ஏற்றத்திலோ புவியீர்ப்பைச் சமாளிக்க மட்டும் இன்னும் 22 கிலோ வேண்டும்.

கொடி பிடித்தவர் முன்னே போவார். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி திசை காட்ட, சங்கிலி பிடிப்பவர்கள் நூறு அடிக்கு ஒரு முளை அடிப்பார்கள். அடுத்து வருவது லெவல் கருவி. அதன் தொலைநோக்கி கிடைமட்டமாக மட்டுமே பார்க்கும். 200 அடி இடைவெளியில் உள்ள இரு முளைகளுக்கு நடுவே அதை நிறுத்துகிறோம் என்று வையுங்கள். பின்முளை மேல் நிற்கும் அளவுகோலில் 9.2 அடி, முன்முளையில் 3.1 அடி தெரிகிறது. கழித்தால் நிலம் 6.1 அடி ஏறியிருக்கிறது. அனுமதியோ 4.4 அடிதான்! பாறையை வெட்டலாம், செலவு தாங்காது. பாதையை மலைச்சரிவில் வளைத்து நீட்டலாம். ஆயிரம் அடி ஏற 8.6 மைல் பாதை வேண்டும். பள்ளத்தாக்கு ஐந்தே மைல் என்றால் மீதியைச் சுற்றித்தான் தேட வேண்டும். வளைவும் சும்மா கிடைப்பதில்லை. சக்கரம் தண்டவாளத்தில் உரசும் என்பதால் அங்கே ஏற்றத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

இதற்கிடையே உயிர்ப்பயம் வேறு. தங்கள் நிலத்தில் முளையடிப்பதைப் பழங்குடிகள் பொறுக்கவில்லை. 1867இல் மட்டும் ஹில்ஸ், பெர்சி பிரவுன் என்ற இரு அளவைக் குழுத் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள்.

கனடாவின் கனடியன் பசிபிக் ரயில் கம்பெனி அவசரப்பட்டது. ராக்கி மலையில் ஃபீல்டு என்ற ஊர் அருகே 4.5 சதவீதச் சரிவில் 1884இல் தண்டவாளம் போட்டது. அதில் இறங்க முயன்ற முதல் கட்டுமான ரயிலே கட்டுப்பாடிழந்து மூவரைப் பலிகொண்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1909இல், மலைக்குள் இரண்டு சுருள் சுரங்கங்கள் குடைந்து பாதையை நீட்டினார்கள். சரிவு 2.2 சதவீதத்துக்கு வந்தது.