பிள்ளையின் கையை விட்டால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

காரைக்குடிப் பக்கம் எந்தப் பள்ளி வாசலிலும் காலையில் பார்க்கிற காட்சிதான். பையைத் தூக்கி வருவது அப்பா, ஷூ நாடா கட்டிவிடுவது அம்மா, பாட்டில் மூடியைத் திறந்து வாயில் வைப்பது கூட வந்த அப்பத்தா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நடுவில் கையை வீசிக்கொண்டு நிற்கும். பாசத்தில் செய்வதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையே பத்தாம் வகுப்புக்கு வந்ததும், "எதையும் தானாச் செய்ய மாட்டேங்கிறான், எல்லாத்துக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்று அதே வீட்டில்தான் புலம்பல் கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. அது வெறும் வளர்ப்புமுறை பற்றிய கருத்து இல்லை, மூளை எப்படிக் கற்கிறது என்பதோடு சேர்ந்த விஷயம்.

1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இருட்டில் வளர்த்த குட்டிகளை இரண்டிரண்டாக எடுத்து, உட்சுவர் முழுக்கக் கோடு போட்ட ஒரு வட்டமான தொட்டிக்குள் தினமும் மூன்று மணி நேரம் விடுவார்கள். ஒரு குட்டி தன் காலால் நடக்கும். இன்னொன்று சின்னக் கூடையில் உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி நடக்க நடக்க, நடுவில் இருக்கும் கம்பி சுற்றி, கூடையும் அதே அளவுக்கு நகரும். ஆக, இரண்டின் கண்ணும் பார்த்தது ஏறக்குறைய ஒன்றேதான். பிறகு குட்டிகளைத் தூக்கி மேசை விளிம்புக்கு மெல்லக் கொண்டுபோனபோது, நடந்த குட்டி காலை நீட்டி ஊன்றத் தயாரானது. கூடையில் வந்த குட்டிக்கு அது வரவில்லை. பள்ளம் எது, தரை எது என்று பிரித்து அடியெடுத்து வைக்கவும் தெரியவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது, பார்த்ததைக் காலோடு சேர்க்கத்தான் அதனால் முடியவில்லை. (அந்தக் குட்டிகளை வெளிச்சத்தில் தாராளமாக நடமாட விட்டதும் இரண்டே நாளில் சரியாகிவிட்டன. அதைப் படிக்கும்போது எனக்குப் பெரிய ஆறுதல்.)

ஏன் இப்படி? ஒரு பிள்ளை சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கையைச் சாய்க்கச் சொல்லி மூளை கட்டளை அனுப்பும்போதே, "இவ்வளவு சாய்த்தால் இவ்வளவு தண்ணீர் விழும்" என்று ஒரு கணிப்பையும் கூடவே போட்டு வைத்துக்கொள்கிறது. தண்ணீர் விழுந்ததும் கண்ணும் கையும் கொண்டுவரும் செய்தியை அந்தக் கணிப்போடு ஒத்துப் பார்க்கிறது. வித்தியாசம் இருந்தால் அடுத்த தடவைக்கான கட்டளை கொஞ்சம் மாறும், இந்தத் திருத்தத்தில் தலைக்குப் பின்பக்கம் இருக்கிற சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அதாவது சிந்திப்போன தண்ணீர்தான் பாடம். பெரியவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்துவிட்டால் கட்டளை போனது பெரியவரின் மூளையிலிருந்து. பிள்ளையின் மூளையில் கணிப்பு உருவாக வழியில்லை, ஒத்துப் பார்க்கவும் ஒன்றுமில்லை. தரை நனையாமல் வேலை முடிந்துவிடும், ஆனால் பிள்ளை கூடைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மூளைக் கணக்கெல்லாம் தெரியவருவதற்கு வெகு முன்னாலேயே, பிள்ளைகளை உட்கார்ந்து கவனித்தே இதைப் பிடித்தவர் மரியா மாண்டிசோரி. இத்தாலிக்காரர், மருத்துவர். 1907-ல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே மூன்று வயதை ஒட்டிய ஒரு பெண் குழந்தை, மரத்தாலான உருளைகளைக் குழியில் பொருத்தும் வேலையில் உட்கார்ந்தது. நீளமான மரக்கட்டையில் பத்துக் குழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு உருளை. அவர் மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அந்தக் குழந்தையை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அது கட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது, நாற்பது தடவைக்கு மேல். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கைதட்டவில்லை.

அந்தக் கட்டையின் சூட்சுமம், தப்பு செய்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு மெல்லிய உருளையை அகலக் குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஒரு உருளை எதிலும் நுழையாமல் கையில் மிஞ்சும். "தப்பு" என்று டீச்சர் சொல்ல வேண்டியதே இல்லை. டீச்சர் சொன்னால் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்க்கும், கட்டை சொன்னால் கட்டையைப் பார்க்கும். கற்பது இரண்டாவதில்தான் நடக்கிறது. நம் ஊரில் இதற்குப் பொருள் தேடி எங்கும் போக வேண்டாம். சீப்புச் சீடைக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு ஒரு சுத்தமான சீப்பைப் பிள்ளை கையில் கொடுங்கள். வரி சரியாக விழுந்ததா, மாவு ஒட்டிக்கொண்டதா என்பது அதற்கே தெரியும், தானே உருட்டி மறுபடி அழுத்தும். எண்ணெய்ச் சட்டி மட்டும் உங்கள் பொறுப்பு. பல்லாங்குழியும் அப்படித்தான், எண்ணிக்கை பிசகினால் எதிரில் இருப்பவரே சொல்லிவிடுவார்.

மாண்டிசோரி நமக்குத் தூரத்து ஆளும் இல்லை. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார், போர் மூண்டதால் திரும்பிப் போக முடியவில்லை, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஆனால் இன்று பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று எழுதிக்கொள்வது எளிது. பள்ளி தேடும் பெற்றோர் கட்டடத்தைப் பார்ப்பதைவிட, ஒரு பிள்ளை ஒரு வேலையில் முழுகியிருக்கும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது மேல். "வெரி குட் தங்கம்!" என்று நடுவில் புகுந்து கலைத்தால், அந்தப் பள்ளிக்கு இன்னும் விஷயம் புரியவில்லை என்றுதான் சொல்வேன்.

இதைப் பணக்காரப் பள்ளிச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களும் உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கும். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்து, சில வருடங்களில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறைதான் அதற்கு மூலம். பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள், எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து அடுத்த அட்டையைத் தானே போய் எடுப்பார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான். வகுப்பு முழுக்க ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு அப்படி ஓர் இடமே கிடையாது.

அடுத்து பரிசு விஷயம், இதில் நாம் எல்லோரும் தாராளம். சாப்பிட்டால் சாக்லேட், எழுதினால் ஸ்டார். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்" என்று முன்னதாகவே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து விருப்பம்போல் விளையாட விட்டபோது, முன்னதாகவே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதிதான். ஆசையாகச் செய்தது கூலி வேலையாக மாறிவிட்டது, கூலி நின்றதும் வேலையும் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆகவே மகிழ்ச்சியில் ஏதாவது வாங்கிக் கொடுப்பதில் குற்றமில்லை, பேரம் பேசுவதில்தான் சிக்கல்.

சரி, அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட வேண்டியதுதானா? இல்லவே இல்லை. சைக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே, சாய்ந்தால் பிடி இறுகும், நேராகப் போனால் பிடி தளரும், ஒரு கட்டத்தில் விட்டது பிள்ளைக்கே தெரியாது. உட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 1976-ல் எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் மரத்துண்டுகளால் ஒரு கோபுரம் அடுக்க, பக்கத்தில் ஒருவர் உதவுகிறார், தடுமாறினால் உதவியைக் கூட்டி, கைவந்தால் குறைத்து. கட்டடம் எழும்வரை சாரம், அப்புறம் சாரத்தைப் பிரித்துவிடுவோம் என்பதுபோல அந்த உதவிக்கே சாரம் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். வீட்டில் பெரும்பாலும் தவறுவது சாரம் கட்டுவதில் இல்லை, பிரிக்கும் நாளில்தான்.

சட்டைப் பொத்தானை வைத்து ஒரு வழி சொல்கிறேன், இது சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் நெடுநாளாகக் கையாள்வது. முதல் அடியிலிருந்து தொடங்காமல் கடைசி அடியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, "இழு" என்று விடுங்கள். அது வந்தபின் நுழைப்பதையும் சேர்த்துக் கொடுங்கள், அப்புறம் துணியைப் பிடிப்பதையும். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது பிள்ளைதான். செய்து காட்டும்போது பேச்சைக் குறைத்து மெதுவாகக் காட்டுவது முக்கியம். சின்னப் பிள்ளை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கக் கூடியது கொஞ்சம்தான், நம் வாயைக் கவனித்தால் கையை விட்டுவிடும்.

செட்டிநாட்டுக்கு இந்தப் படிப்படியான கைமாற்றம் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தாரின் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் இருப்பான். மீசை முளைக்கும் முன்பே வந்தவன், கூட்டிப் பெருக்குவான், எடுபிடி வேலை பார்ப்பான், பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் கணக்கெழுதுவதைப் பார்ப்பான். பிறகு அடுத்தாள் என்ற உதவியாளர், அதன்பின் கடையையே நடத்தும் மேலாள். யாரும் வகுப்பெடுத்ததில்லை, பார்த்தும் கூடமாட செய்தும் பழகியதுதான். மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாத்தமாலாவின் மாயா இனக் குடும்பங்களில் பார்பரா ரோகோஃப் என்ற உளவியலாளர் பல வருடங்கள் ஆராய்ந்து எழுதியதும் இதே மாதிரியான கற்றலைத்தான்: அங்கே பிள்ளைகள், வேறொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதைக்கூடப் பக்கத்திலிருந்து கூர்ந்து கவனித்துக் கற்றுக்கொள்கிறார்கள். பெட்டியடி வாழ்க்கையை நான் கொண்டாடவில்லை, தாயை விட்டுக் கடல் தாண்டிய சிறுவர்களின் பாடு பெரும்பாடு, பெண் பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறக்கவும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உண்மையான வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைக்கு ஓர் இடமும் ஒரு சின்னப் பங்கும் இருந்தது. இப்போது வேலை நடக்கும்போது பிள்ளை கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். பதினெட்டு மாதக் குழந்தைகூட, கை நிறையப் பொருளோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் தவிக்கிற முன்பின் தெரியாத ஆளுக்குத் தானாக வந்து கதவைத் திறந்துவிடும் என்று வார்னிகென், டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். உதவும் ஆசை அவ்வளவு சீக்கிரமே வந்துவிடுகிறது, நாம்தான் "நீ சும்மா இரு, வேலையைக் கெடுக்காதே" என்று அனுப்பிவிடுகிறோம்.

வரம்பு வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஊருணிக் கரை, கிணறு, அடுப்பு, சாலை, இவற்றில் பிள்ளையின் விருப்பம் செல்லாது. மற்ற இடங்களில் தெரிவை நாம் சுருக்கிக் கொடுக்கலாம். "என்ன சாப்பிடுற?" என்று திறந்துவிட்டால் நான்கு வயதுப் பிள்ளை திணறும், "இட்லியா, பணியாரமா?" என்றால் தேர்ந்தெடுக்கும். தட்டும் டம்ளரும் எட்டும் உயரத்தில், துடைக்க ஒரு சின்னத் துணி அதற்கென்று, அவ்வளவு போதும். அப்புறம் நேரம். அதுதான் எல்லாவற்றிலும் அரிது. டியூஷன், அபாகஸ், இந்தி, சிலம்பம் என்று மாலை முழுக்க யாரோ ஒருவர் சொல்வதைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு, "இப்போது நான் என்ன செய்வது?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம் எப்போது வரும்? 2014-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 70 பேரின் அன்றாட நேரத்தை ஆராய்ந்தபோது, கட்டுப்பாடு குறைந்த நேரம் அதிகமாகக் கிடைத்த பிள்ளைகள், தானே இலக்கு வைத்து நடத்திக்கொள்ளும் திறனில் மேலாக இருந்தார்கள். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்தே அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வாரத்தில் ஒரு மாலையையாவது காலியாக விட இது போதுமான காரணம் என்பேன்.

மதிப்பெண் குறையுமா என்ற பயம் வரும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஒரு அரசு மாண்டிசோரிப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஏஞ்சலின் லில்லார்டு என்ற உளவியலாளர் ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்டார். ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பாட முந்துதல் பெரிதாக இல்லை, ஆனால் கதை எழுதுவதில் கற்பனை கூடுதல், சக பிள்ளைகளோடு பழகுவதிலும் மேல். பாடத்தில் அற்புதம் நடக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம், பின்தங்கிவிடுவார்கள் என்றால் அதையும் நம்ப வேண்டாம்.

கடைசியாக, அம்மாக்கள் அடிக்கடி கேட்கிற ஒன்று. தானே சாப்பிடப் பழகிய பிள்ளை ஒரு ராத்திரி அலுத்துப்போய் "ஊட்டி விடு" என்று வந்தால் என்ன செய்வது? ஊட்டுங்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று வேண்டும் என்றார்கள்: என் விருப்பம் என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, எனக்கு ஆள் இருக்கிறது என்ற உணர்வு. பிள்ளை கேட்டு நாம் செய்வது அந்த மூன்றாவது. கேட்காமலே நாம் முந்திக்கொண்டு செய்வதுதான் முதல் இரண்டையும் தின்றுவிடுகிறது. நாளைக்குக் காலையில் தட்டை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அந்தப் பக்கம் போய்விடுங்கள், பிள்ளை சாப்பிட்டுக்கொள்ளும்.